மாக் டிராஃப்ட் சிமுலேட்டர்: ஏப்ரல் வந்தா என்கிட்ட கேக்குற கேள்விங்க எல்லாம் ஒரே இடத்துல

ஜனவரில நம்ம டீம் மூட்டை கட்டிட்டா அப்புறம் ஏப்ரல் கடைசி வரைக்கும் கைல இருக்குற ஒரே விளையாட்டு இந்த சிமுலேட்டர்தான், அதாவது ஏப்ரல்ல நடக்கப் போற டிராஃப்ட்ல எந்த டீம் யார எடுக்கும்னு முன்கூட்டியே யூகிச்சு (அதுக்குப் பேருதான் மாக் டிராஃப்ட்) ஆடிப் பாக்குற சைட். புதுசா என்எஃப்எல் பாக்க ஆரம்பிச்ச ஃப்ரெண்ட்ஸ், ஆபீஸ் பசங்க, ஒரு மச்சான், எல்லாரும் மாத்தி மாத்தி அதே கேள்விகள கேக்குறாங்க, அதனால எழுதி வெச்சுட்டேன். நான் சிகாகோ பேர்ஸ் ஆளு, உதாரணம் பாதி அங்க இருந்துதான் வரும், பொறுத்துக்கோங்க.

இது எந்த ஃபுட்பால்?

மெஸ்ஸி ஆடுற ஃபுட்பால் இல்ல. அமெரிக்கன் ஃபுட்பால், ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டை ஷேப் பந்து வெச்சு ஆடுறது. அதோட லீக்தான் என்எஃப்எல், மொத்தம் 32 டீம்.

டிராஃப்ட்ங்கிறது ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லீங்க. ஏலத்துல பர்ஸ்ல காசு இருந்தா யார வேணா தூக்கலாம், டிராஃப்ட்ல காசு பேச்சே கிடையாது, க்யூதான். போன சீசன்ல ரொம்ப அடி வாங்குன டீம் க்யூல முன்னாடி, சூப்பர் பவுல், அதாவது ஃபைனல், ஜெயிச்சவன் 32-வதா கடைசில. காலேஜ்ல ஆடிட்டு வர்ற பசங்கள அந்த வரிசைப்படி ஒவ்வொருத்தரா எடுத்துட்டுப் போவாங்க, மொத்தம் 7 ரவுண்டு, 2025-ல 257 பேர எடுத்தாங்க. சம்பளம் கூட 2011-ல இருந்து எத்தனாவது ஆளா போனாங்கிறத வச்சு கிட்டத்தட்ட முன்னாடியே முடிவாயிடும்.

இத கொண்டு வந்தது ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஓனர் பெர்ட் பெல், அவர் டீம் அப்போ மட்டமா ஆடிட்டு இருந்துச்சு, நல்ல பசங்க எல்லாம் பெரிய டீமுக்கே போறாங்களேங்கிற வயித்தெரிச்சல்ல பொறந்த ஐடியா. 1936-ல முதல் டிராஃப்ட், முதல் பிக் (க்யூல வர்ற டர்னுக்கும் அதுல எடுக்குற ஆளுக்கும் பிக்னுதான் பேரு) ஜே பெர்வாங்கர், எடுத்தது பெல்லோட ஈகிள்ஸேதான். சம்பளம் ஒத்து வராதுன்னு பெர்வாங்கர எங்க பேர்ஸுக்கு தள்ளி விட்டாங்க, எங்க கூடவும் ஒத்து வரல, மனுஷன் என்எஃப்எல்ல ஒரு மேட்ச் கூட ஆடல. ஆக டிராஃப்ட் சரித்திரத்தோட முதல் பிக்கே வேஸ்ட், அதுல எங்களுக்கும் பங்கு.

சரி, சிமுலேட்டர் என்ன பண்ணும்?

நீங்க ஒரு டீம எடுத்துக்கணும், மீதி 31-ஐயும் கம்ப்யூட்டர் ஓட்டும். உங்க டர்ன் வந்ததும் நிக்கும், இன்னும் போகாத பசங்க லிஸ்ட் காட்டும், ஒருத்தன க்ளிக் பண்ணா அவன் உங்க ஆளு, திரும்ப ஓடும். நடுவுல வேற டீம் வந்து உங்க பிக்க ட்ரேட் கேக்கும், நீங்களும் போய் கேக்கலாம். முடிஞ்சதும் மார்க் போடும். பிஎஃப்எஃப், பிஎஃப்எஸ்என், ஃபேன்ஸ்பீக், மாக் டிராஃப்ட் டேட்டாபேஸ்னு நிறைய சைட் இருக்கு. நிஜ டிராஃப்ட் மூணு நாள், 2025-ல முதல் ரவுண்டுல ஒவ்வொரு டீமுக்கும் 10 நிமிஷம் வரைக்கும் டைம் குடுத்தாங்க. இங்க ஸ்பீட ஏத்தி விட்டா 7 ரவுண்டும் டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும், இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு ராத்திரி ஒரு மணி ஆயிடும்.

கம்ப்யூட்டர் டீமுங்க எத வெச்சு ஆள் எடுக்குது?

முதல்ல ஒரு போர்டு, அதாவது எல்லா பசங்களையும் ஒண்ணு ரெண்டுன்னு வரிசைப்படுத்துன லிஸ்ட், அது அந்தக் கம்பெனி ஆளுங்க போட்டதா இருக்கலாம், இல்ல ஊர்ல இருக்குற எல்லா மாக் டிராஃப்டையும் கலக்கி எடுத்த சராசரியா இருக்கலாம். அது மேல ஒவ்வொரு டீமுக்கும் எந்த இடத்துல ஓட்டை இருக்குங்கிற லிஸ்ட். அப்புறம் எந்த பொசிஷனுக்கு எவ்ளோ மதிப்பு, பந்த வீசி ஆட்டத்த நடத்துற குவார்ட்டர்பேக் மேல, பந்த வாங்கிட்டு ஓடுற ரன்னிங் பேக் கீழ, அந்தக் கணக்கு. கடைசியா தினமும் ஒரே மாதிரி வரக்கூடாதுன்னு கொஞ்சம் சீட்டு குலுக்கல். செட்டிங்ஸ்ல இத கூட்டி குறைக்க விடுவாங்க, நெறைய பேர் அந்தப் பக்கமே போறதில்ல, அதான் பிரச்சனையே.

இதுல இல்லாதது என்னன்னா மனுஷன். இந்தப் பையன் முட்டி தாங்காதுன்னு சொல்ற டீம் டாக்டர், இன்டர்வியூல பதில் சொன்ன விதம் புடிக்காத கோச், இந்த வருஷம் ஜெயிக்கலன்னா வேலை போயிடும்னு பயந்து முன்னாடி ஏறி வர்ற ஜிஎம் (டீமுக்கு ஆள் எடுக்குற ஜெனரல் மேனேஜர்), இவங்க யாரும் அந்தப் பெட்டிக்குள்ள இல்ல. 2024-ல அட்லாண்டா ஃபால்கன்ஸ் மார்ச் மாசம்தான் கர்க் கசின்ஸ்க்கு 4 வருஷத்துக்கு 180 மில்லியன் டாலர் கான்ட்ராக்ட் போட்டாங்க, ஏப்ரல்ல 8-வது பிக்ல திரும்ப ஒரு குவார்ட்டர்பேக், மைக்கேல் பெனிக்ஸ எடுத்தாங்க. தேவை லிஸ்ட்ல குவார்ட்டர்பேக்குக்கு டிக் அடிச்சு வெச்சிருக்குற சிமுலேட்டர் அத எங்க இருந்து யோசிக்கும் சொல்லுங்க.

எனக்கு எப்பவும் ஏ ப்ளஸ் வருதே, நான் ஜிஎம் ஆகலாமா?

ஆகலாம், கனவுல. அந்த மார்க் எப்படி வருதுன்னா, அவங்க போர்டுல 15-வதா இருக்குற பையன நீங்க 30-ல எடுத்தா உங்களுக்கு லாபம்னு கணக்கு, அவ்ளோதான். கேள்வித்தாள் செட் பண்ணவனே பிட்டு குடுத்து அவனே திருத்துற பரீட்சை. அவங்க லிஸ்ட்ல மேல இருக்குறவன எடுத்துக்கிட்டே வந்தா எல்கேஜி பையனுக்கும் ஏ ப்ளஸ் வரும்.

நிஜத்துல 2023-ல டெட்ராய்ட் லயன்ஸ் 12-வது பிக்ல ஜமீர் கிப்ஸ்னு ஒரு ரன்னிங் பேக், 18-ல ஜாக் கேம்ப்பெல்னு ஒரு டிஃபென்ஸ் ஆளு, லைன்பேக்கர், எடுத்தப்போ, இந்த பொசிஷனுக்கு இவ்ளோ முன்னாடியான்னு மாக் போடுற ஆளுங்க பல பேர் தலைல அடிச்சுக்கிட்டாங்க. அந்த சீசன் லயன்ஸ் 12-5, அதாவது 12 ஜெயிச்சு 5 தோத்து, சூப்பர் பவுலுக்கு முந்தின கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரைக்கும் போனாங்க, அந்த ரெண்டு பேரும் இன்னிக்கு டீமோட தூண். அதுக்காக சிரிச்சவங்க எப்பவும் தப்புன்னும் சொல்ல மாட்டேன், 2022-ல நியூ இங்கிலாந்து டீம் 29-ல கோல் ஸ்ட்ரேஞ்ச்னு ஒரு பையன எடுத்தப்போ ராம்ஸ் கோச் பிரஸ் மீட்ல உக்காந்தே சிரிச்சுட்டாரு, ராம்ஸ் தங்களோட 104-வது பிக்ல இருப்பான்னு பாத்துட்டு இருந்த பையனாம், அந்தப் பிக் சரியா போகல. விஷயம் என்னன்னா மார்க்குக்கும் அப்புறம் நடக்கப் போறதுக்கும் சம்பந்தம் கம்மி. மார்க் வர்ற பக்கத்த பாக்காமலே மூடிடுங்க.

ட்ரேட் பண்ணி நாலு ஃபர்ஸ்ட் ரவுண்டு பிக் சேத்துட்டேன், தப்பா?

தப்புன்னு இல்ல, ஆனா அது டிராஃப்ட் இல்ல, மளிகைக் கடைல ஓனர் தூங்கும்போது போற மாதிரி.

பிக்குக்கு விலை வெக்கிற ஒரு பழைய பட்டியல் இருக்கு, 1990-கள் ஆரம்பத்துல டல்லஸ் கவ்பாய்ஸ்ல ஜிம்மி ஜான்சன் கோச்சா இருந்தப்போ போட்டது, இன்னிக்கும் அவர் பேர்லதான் சொல்றாங்க. முதல் பிக் 3000 புள்ளி, 10-வது 1300, 32-வது 590, இப்படி இறங்கிட்டே போகும். 2025-ல பேர்ஸ் 41, 72, அப்புறம் கடைசி ரவுண்டுல 240-வதையும் பஃபலோ பில்ஸுக்கு குடுத்துட்டு 56, 62, 109-ஐ வாங்குனாங்க. பட்டியல்படி 41-க்கு 490, 72-க்கு 230, ஆக குடுத்தது 720, அந்த 240 வெறும் சில்லறை. வாங்குனது 340, 284, 76, மொத்தம் 700. பாருங்க, ரெண்டு பக்கமும் எவ்ளோ ஒட்டி வருதுன்னு. நிஜ உலகத்துல கீழ இறங்கி வர்றவனுக்கு பெரும்பாலும் இவ்ளோதான் கிடைக்கும், லாட்டரி அடிக்காது.

ஆனா குவார்ட்டர்பேக் வெறி புடிச்ச டீம் வந்தா எல்லா பட்டியலும் குப்பைக்குப் போயிடும். 2023-ல கரோலைனா பேந்தர்ஸ் எங்க கைல இருந்த முதல் பிக்குக்காக எங்களுக்கு 9, 61-வது பிக், அடுத்த வருஷ ஃபர்ஸ்ட் ரவுண்டு, 2025 செகண்ட் ரவுண்டு, கூடவே டிஜே மூர்னு பந்த புடிக்கிற ரிசீவர் ஒருத்தரையே முழுசா குடுத்தாங்க. அவங்க அடுத்த சீசன் 2-15 போனதால அந்த அடுத்த வருஷ பிக்கே முதல் பிக் ஆகி குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் வந்தாரு. இத நான் வருஷத்துக்கு நாலு தடவையாவது யார்கிட்டயாவது சொல்லிடுவேன். ஆனா இந்த மாதிரி ட்ரேட் அபூர்வம், சிமுலேட்டர்ல மூணாவது க்ளிக்லயே வந்துடும், அதனால என் வழக்கம் என்னன்னா முதல் ஒரு வாரம் ட்ரேட் பட்டன ஆஃப் பண்ணிடுவேன்.

தேவையான பொசிஷனா பாத்து எடுக்கணுமா, இருக்குறதுல பெஸ்ட் ஆள எடுக்கணுமா?

இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு கதை இருக்கு. 2008-ல ஐபிஎல் ஆரம்பிச்சப்போ அண்டர் 19 பசங்கள மட்டும் ஏலத்துல விடல, டிராஃப்ட்லதான் பிரிச்சு குடுத்தாங்க. டெல்லி டீமுக்கு வாய்ப்பு வந்துச்சு, லோக்கல் பையன் விராட் கோலி அங்கயே நின்னுட்டு இருந்தாரு. டெல்லிகிட்ட ஏற்கனவே சேவாக், கம்பீர்னு பேட்ஸ்மேன் இருந்தாங்க, பௌலர்தான் வேணும்னு பிரதீப் சங்வான எடுத்தாங்க. கோலி பெங்களூர் போனாரு. மீதி உங்களுக்கே தெரியும். தேவைய பாத்து எடுத்ததுல லாஜிக் தப்பே இல்ல, அதான் கொடுமை.

அந்தப் பக்கம் 2021-ல சின்சினாட்டி பெங்கால்ஸ். குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு முந்தின சீசன்ல முட்டி போச்சு, காப்பாத்த ஆள் இல்லாததாலதான்னு ஊரே சொல்லுச்சு, 5-வது பிக்ல குவார்ட்டர்பேக்குக்கு காவல் நிக்கிற டேக்கிள் பெனே சூவெல எடுங்கடான்னு பாதி மாக் டிராஃப்ட் கத்துச்சு. அவங்க ரிசீவர் ஜமார் சேஸ எடுத்தாங்க. அதே வருஷம் சூப்பர் பவுல் போனாங்க. ஆனா அந்த சூப்பர் பவுல்ல பர்ரோவ ஏழு தடவை கீழ தள்ளி தோத்தாங்க. சூவெல் 7-ல டெட்ராய்ட் போயி லீக்லயே டாப் டேக்கிள்ல ஒருத்தர் ஆயிட்டாரு. யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லுங்க பாப்போம், எனக்கு ஒவ்வொரு வருஷமும் பதில் மாறுது.

என்ன கேட்டா முதல் ரெண்டு பிக்குக்கு பெஸ்ட் ஆளு, அதுக்கப்புறம் தேவை. ஆனா கிக்கர் தேவைன்னு மூணாவது ரவுண்டுல கிக்கர் எடுக்குறவங்க கூட எனக்கு பேச்சு வார்த்தை கிடையாது.

அப்போ ஒரு டீமுக்கு உருப்படியா திட்டம் போட இத எப்படி யூஸ் பண்றது?

இதான் நிஜமான கேள்வி. நெறைய பேர் சிமுலேட்டர்கிட்ட யார எடுக்கட்டும்னு கேக்குறாங்க. அது கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், என் டர்ன் வரும்போது யாரெல்லாம் மிச்சம் இருப்பாங்க.

2025 பேர்ஸ வெச்சே சொல்றேன். முந்தின சீசன் 5-12, கைல 10, 39, 41-வது பிக். கேலப் வில்லியம்ஸ 2024-ல 68 தடவை சாக் பண்ணியிருந்தாங்க, அதாவது பந்த வீசுறதுக்குள்ள கீழ தள்ளியிருந்தாங்க. ட்ரேட் ஆஃப், குலுக்கல் கொஞ்சம் ஏத்தி வெச்சு ஓட்டுங்க, 10-வது பிக் வந்ததும் யாரையும் எடுக்காதீங்க, நிறுத்திட்டு, யார் யார் இன்னும் இருக்காங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. மறுபடி முதல்ல இருந்து. இப்படி இருவது தடவை, வேற வேற சைட்ல. ஒரு பையன் இருவதுல பதினெட்டு தடவை இருந்தான்னா அவன் மேல பதட்டமே வேணாம், கொஞ்சம் கீழ இறங்குனா கூட கிடைப்பான். மூணு தடவைதான் இருந்தான்னா அவன் கனவு, அவன நம்பி திட்டம் போடாதீங்க. எனக்கு அந்த வருஷம் கனவு ஆஷ்டன் ஜென்டி, பாய்ஸி ஸ்டேட்ல ஒரே சீசன்ல 2601 யார்டு ஓடுன பையன், என் நோட்டுல பாதிக்கு மேல 10-க்கு முன்னாடியே போயிட்டு இருந்தான், நிஜத்துல 6-ல ரெய்டர்ஸ் தூக்கிட்டாங்க. வலிச்சுது, ஆனா ஷாக் இல்ல.

அடுத்தது, ஒரு பொசிஷன இப்போ விட்டா அடுத்த பிக்ல என்ன தேறும்னு பாக்கணும். டேக்கிள் நல்லவங்க எல்லாம் சீக்கிரம் காலியாயிடுவாங்க, அந்த வருஷம் ரன்னிங் பேக் கூட்டம் ஜாஸ்தி, அதனால 10-ல வேற யாரையாவது எடுத்துட்டு 39-ல ரன்னிங் பேக் எடுக்கலாம்னு நானும் திட்டம் போட்டேன், எனக்குத் தெரிஞ்ச பேர்ஸ் ஆளுங்க எல்லாரும் போட்டாங்க. நடந்தது என்ன தெரியுமா, 36-ல ஜட்கின்ஸ், 38-ல ஹெண்டர்சன், ரெண்டு பேரும் எங்க மூக்குக்கு முன்னாடி போனாங்க, சரி 62 இருக்கேன்னு பாத்தா 60-ல ஹார்வி போயிட்டாரு. கடைசில ஏழாவது ரவுண்டுல 233-வதா கைல் மொனாங்காய்னு ஒருத்தர எடுத்தாங்க. திட்டத்துல பி மட்டும் இருந்தா பத்தாது, சி டி வரைக்கும் வேணும்னு அன்னிக்குதான் உறைச்சுது.

இன்னொரு வேலையும் பண்ணுங்க. உங்க டீம கம்ப்யூட்டர்கிட்ட குடுத்துட்டு, உங்களுக்கு முன்னாடி இருக்குற மூணு டீமையும் நீங்க ஓட்டுங்க. நேர்மையா, அவங்களுக்கு எது நல்லதோ அத எடுங்க. உங்க ஆளுன்னு நீங்க நெனச்சவன நீங்களே அடுத்த வீட்டுக்கு தூக்கிக் குடுப்பீங்க.

எத்தனை ரவுண்டு ஓட்டணும்?

மூணு. அதுக்கு மேல சும்மா சீட்டாட்டம். டாம் பிரேடி 2000-ல 199-வது, ப்ராக் பர்டி 2022-ல கடைசியோ கடைசி 262-வது, நிஜ டீமுங்களுக்கே தெரியாதது சிமுலேட்டருக்கு எங்க தெரியப் போகுது.

எந்த மாசத்துல ஓட்டுனா அர்த்தம் இருக்கும்?

ஜாலிக்குன்னா இப்பவே ஓட்டலாம். திட்டத்துக்குன்னா மார்ச் நடுவுல ஃப்ரீ ஏஜென்சி (கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆளுங்க வேற டீமுக்குப் போறது) ஆரம்பிச்சு முதல் பரபரப்பு ஓஞ்சதும் ஆரம்பிங்க, ஏன்னா தேவை லிஸ்ட்டே அப்போதான் மாறும். 2025 ஜனவரி பிப்ரவரில பேர்ஸுக்கு, குவார்ட்டர்பேக்குக்கு முன்னாடி நின்னு தடுக்குற லைன் ஆளு இல்லாம ஒரு மாக் கூட நான் போடல. மார்ச்ல ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன்னு நடு லைன் மூணு பேரையும் வெளிய இருந்து கொண்டு வந்துட்டாங்க, என் ரெண்டு மாச உழைப்பு காலி. பிப்ரவரி கடைசில இண்டியானாபோலிஸ்ல கம்பைன்னு காலேஜ் பசங்களுக்கு ஒரு டெஸ்ட் நடக்கும், ஓட்டம் தாவல் நம்பர் எல்லாம் வரும், அதுக்கப்புறம் போர்டும் ஆடும்.

முதல் ரவுண்டுன்னு எல்லாரும் சொன்ன பையன் நிஜத்துல எப்படி அவ்ளோ கீழ விழறான்?

பெரும்பாலும் குவார்ட்டர்பேக்தான் விழுவான். 2022-ல மாலிக் வில்லிஸ் 86, 2023-ல வில் லெவிஸ் 33, அதெல்லாம் பரவால்லன்னு ஆக்குன மாதிரி 2025-ல ஷெடூர் சாண்டர்ஸ். பல மாக்ல முதல் ரவுண்டு, போனது ஐந்தாவது ரவுண்டுல 144-வதா, அதுவும் க்ளீவ்லேண்ட் ப்ரௌன்ஸுக்கு, அவங்க ஏற்கனவே 94-ல டில்லன் கேப்ரியல்னு ஒரு குவார்ட்டர்பேக் எடுத்துட்டாங்க. மாக் போடுறவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து எழுதுறாங்க, அந்த சராசரிதான் சிமுலேட்டருக்கு போகுது, அத நாம ஓட்டி ஓட்டி பாத்துட்டு உண்மைன்னு நம்புறோம். குவார்ட்டர்பேக் எடுக்கணும்னா டீம்ல ஓனர் வரைக்கும் தலை ஆட்டணும், மத்த பொசிஷன் மாதிரி சரி வா இருந்துட்டுப் போன்னு எடுக்க முடியாது, அதனால யாரும் முன்னாடி வரலன்னா படிப்படியா இல்ல, தொபுகடீர்னுதான் விழுவான்.

கிரீன் பே பேக்கர்ஸுக்கு எல்லா மாக்லயும் ரிசீவர் குடுக்குறாங்களே, ஏன்?

பழக்க தோஷம். 2002-க்கு அப்புறம் முதல் ரவுண்டுல அவங்க ரிசீவர் எடுத்ததே இல்ல, வருஷா வருஷம் மாக்ல குடுத்துட்டே இருந்தாங்க. கடைசில 2025-ல, அதுவும் டிராஃப்ட் அவங்க ஊர் கிரீன் பேலயே நடந்தப்போ, 23-ல மேத்யூ கோல்டன எடுத்தாங்க. இருவது வருஷத்துக்கு மேல அதையே சொல்லிட்டு இருந்தா என்னிக்காவது பலிக்கத்தான் செய்யும், நம்ம ஊர் ஜோசியக்காரர் மாதிரி.

காசு கட்டணுமா?

வேணாம். சில சைட்ல ட்ரேட்டுக்கோ கூடுதல் செட்டிங்ஸுக்கோ காசு கேப்பாங்க, அடுத்த டேப்ல வேற சைட்ல ஃப்ரீயா இருக்கும்.

இந்தியால இருந்து நிஜ டிராஃப்ட் பாக்கணும்னா?

முதல் ரவுண்டு அங்க வியாழக்கிழமை ராத்திரி 8 மணிக்கு ஆரம்பிக்கும், நியூயார்க் நேரம். நமக்கு வெள்ளி காலைல 5:30. மேட்ச் மாதிரி நடுராத்திரி முழிக்க வேணாம், பால்காரர் வர்ற டைம்தான்.

இவ்ளோ ஓட்டியும் என் டீம் நான் நெனச்ச ஆள எடுக்கலன்னா?

எடுக்க மாட்டாங்க, பழகிக்கோங்க. 2025-ல எங்க 10-வது பிக் வந்தப்போ டைட் எண்ட் (தடுக்கவும் செய்வான், பந்தும் புடிப்பான்) டைலர் வாரன் அப்படியே நின்னுட்டு இருந்தாரு, என் நோட்டுல அவர் பேருக்கு நேரா அவ்ளோ டிக். டைட் எண்ட்தான் எடுத்தாங்க, ஆனா வாரன் இல்ல, மிச்சிகன் பையன் கோல்ஸ்டன் லவ்லேண்ட், அதுவும் தோள்ல ஆபரேஷன் ஆகியிருந்த ஆளு. வாரன் 14-ல கோல்ட்ஸுக்குப் போனாரு. நான் காலைல ஆறரை மணிக்கு மேல வீட்ல எல்லாரும் எழுந்துக்குற மாதிரி கத்திட்டேன், அம்மா என்னவோ ஏதோன்னு ஓடி வந்தாங்க.

நவம்பர்ல சின்சினாட்டி கூட மேட்ச், கடைசி நிமிஷத்துல பின்னாடி இருக்கோம், அதே லவ்லேண்ட் பந்த புடிச்சு ரெண்டு பேர உதறிட்டு ஓடி 58 யார்டு டச்டவுன், 47-42. அன்னிக்கும் கத்துனேன். அம்மா வரல, தூக்கத்துலயே திட்டுனாங்க. நோட்ட இன்னும் தூக்கிப் போடல, அடுத்த வருஷ பக்கம் ஆரம்பிச்சாச்சு.